ஆக்சஸ்: அம்புக்குறி போட்ட டேபிள்களின் டேட்டா உண்மையில் எந்த கம்ப்யூட்டரில் இருக்கிறது?

#1 ஸ்டோர்ஸ்மணி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். பேரிங், பெல்ட், ஸ்பிண்டில் டேப் என்று உதிரிபாக இருப்புக் கணக்கு முழுவதும் ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலில்தான் ஓடுகிறது. அதை உருவாக்கிய பெரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது அது என் பொறுப்பு.

அடுத்த மாதம் அலுவலகத்தின் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப் போகிறார்கள். "உங்க டேட்டா எங்க இருக்கு, சர்வர்லயா, உங்க மெஷின்லயா?" என்று கேட்கிறார்கள். ஃபைல் என் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் பெரும்பாலான டேபிள்களின் பக்கத்தில் சின்ன நீல அம்புக்குறி இருக்கிறது. இரண்டில் மட்டும் உலக உருண்டைப் படம். பல வருடத்து வரவு, வழங்கல் எல்லாம் இருந்தும் ஃபைலின் அளவு சில எம்பி மட்டுமே.

தினமும் மாலையில் இந்த ஃபைலைத்தான் பென்டிரைவில் நகலெடுத்து வைக்கிறோம். டேட்டா எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆக்சஸ் 2016, விண்டோஸ் 10.

#2 கீழவாசல்

அம்புக்குறி இருந்தால் லிங்க்டு டேபிள். இடப்பக்கப் பட்டியலில் டேபிள் பெயர் மேல் மவுஸை வைத்து ஒரு நொடி காத்திருங்கள், பாதை தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எக்ஸ்டர்னல் டேட்டா மெனுவில் லிங்க்டு டேபிள் மேனேஜர். பார்த்துவிட்டு ஓகே கொடுக்காமல் மூடிவிடுங்கள்.

#3 தரவுத்தோட்டம்

மணி சார், மற்றதற்கு முன்னால் அந்த பென்டிரைவ் விஷயத்தைப் பேசியாக வேண்டும். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

ஆக்சஸில் எழுதிய அலுவலகப் புரோகிராம்கள் பெரும்பாலும் இரண்டு ஃபைலாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஃபார்ம், ரிப்போர்ட், குவெரி எல்லாம் ஒரு ஃபைலில். அதை ஃப்ரண்ட் எண்ட் என்போம், உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பது அதுதான். டேபிள்கள் மட்டும் வேறொரு ஃபைலில், அது பேக் எண்ட். ஃப்ரண்ட் எண்டில் அம்புக்குறியோடு தெரிவது டேபிளே அல்ல, டேபிள் இருக்கும் இடத்தின் முகவரி. அதனால்தான் ஃபைல் சிறிதாக இருக்கிறது.

அந்த முகவரி முழுப் பாதையாகவே பதிந்திருக்கும். "நான் இருக்கும் ஃபோல்டரிலேயே பார்" என்று சொல்லும் வசதி ஆக்சஸில் இல்லை. ஆகவே நீங்கள் பென்டிரைவில் நகலெடுத்ததை அலுவலகத்திலேயே திறந்தால் எல்லா டேட்டாவும் அழகாகத் தெரியும். ஏனென்றால் அந்த நகலும் அதே பழைய பாதையில் போய், ஓடிக்கொண்டிருக்கும் அசல் டேட்டாவைத்தான் காட்டுகிறது. பேக்கப் சரியாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அதே பென்டிரைவை வீட்டு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். 3044 அல்லது 3024 என்ற எண்ணோடு, பாதை சரியில்லை, ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்து நிற்கும். அப்படி வந்தால் உங்களிடம் இதுவரை டேட்டா பேக்கப் என்று ஒன்றே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. "நகல்தானே, சோதித்துப் பார்க்கலாம்" என்று பென்டிரைவ் ஃபைலைத் திறந்து பத்து வரிகளை அழித்தால், அசலில் அழியும். லிங்க்கை அழித்தால் முகவரி மட்டும் போகும், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. லிங்க்குக்குள் போய் வரியை அழித்தால் டேட்டாவே போகும். இந்த வித்தியாசம் தெரியாமல் யாரையும் அந்த நகலில் விளையாட விடாதீர்கள்.

#4 ஸ்டோர்ஸ்மணி

சார், நேற்று இரவே வீட்டில் பார்த்தேன். நீங்கள் சொன்ன 3044தான் வந்தது. இசட் டிரைவில் ஒரு பாதையைச் சொல்லி, அது சரியான பாதை அல்ல என்கிறது. மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

இன்று அலுவலகத்தில் மவுஸை வைத்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றுக்கு இசட் டிரைவ் பாதை வருகிறது. சிலவற்றுக்கு நீளமாக ஏதோ வந்து பாதியில் வெட்டுப்படுகிறது. டேபிள் நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றாக மவுஸை வைத்து எழுதிக்கொள்வது கஷ்டம். மொத்தமாக ஒரு பட்டியல் எடுக்க வழி உண்டா?

#5 தரவுத்தோட்டம்

உண்டு. ஆக்சஸ் தன் சொத்து விவரம் முழுவதையும் எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் என்ற மறைவான டேபிளில் எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. அதனால் பயப்பட வேண்டாம்.

இடப்பக்கப் பட்டியலின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து நேவிகேஷன் ஆப்ஷன்ஸ் போங்கள். ஷோ சிஸ்டம் ஆப்ஜெக்ட்ஸ் என்பதை டிக் செய்தால் மங்கலான நிறத்தில் எம்சிஸ் என்று தொடங்கும் சில டேபிள்கள் தெரியும். பிறகு கிரியேட், குவெரி டிசைன். எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸை மட்டும் சேர்த்து அதிலிருந்து நேம், ஃபாரின்நேம், டேட்டாபேஸ், கனெக்ட், டைப் ஆகிய ஐந்து பத்திகளைக் கீழே இழுங்கள். டைப் பத்தியின் கிரைட்டீரியா வரியில் 4 என்றும் அதற்கடுத்த வரியில் 6 என்றும் போட்டு ஓட்டுங்கள்.

டைப் 1 என்றால் அதே ஃபைலுக்குள் இருக்கும் சொந்த டேபிள். 6 என்றால் வேறு ஆக்சஸ் ஃபைல், எக்செல், டெக்ஸ்ட் போன்றவற்றுக்குப் போகும் லிங்க். 4 என்றால் ஓடிபிசி (வேறு டேட்டாபேஸ்களோடு பேச உதவும் இணைப்பு முறை) வழியாக எஸ்க்யூஎல் சர்வர் மாதிரி ஒன்றுக்குப் போகிறது. உங்கள் உலக உருண்டைப் படம் இதுதான்.

நேம் என்பது உங்கள் ஃபைலில் தெரியும் பெயர், ஃபாரின்நேம் என்பது அங்கே இருக்கும் உண்மைப் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே டேபிளை யாராவது இரண்டாம் முறை லிங்க் செய்திருந்தால் பெயரின் கடைசியில் 1 என்று தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது பழைய நகல் என்று நினைத்து உள்ளே போய் வரிகளை அழிக்கக் கூடாது. ஃபாரின்நேமும் டேட்டாபேஸும் ஒன்றா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

6 வகைக்குப் பாதை டேட்டாபேஸ் பத்தியில் இருக்கும். 4 வகைக்கு அந்தப் பத்தி காலியாக இருக்கும், விவரம் கனெக்டில் இருக்கும்.

#6 கீழவாசல்

ஒரு எச்சரிக்கை. கனெக்ட் பத்தியை அப்படியே படம் பிடித்து இங்கே போட்டுவிடாதீர்கள். பேக் எண்டுக்கு பாஸ்வேர்ட் வைத்து லிங்க் செய்திருந்தால் பிடபிள்யூடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் அந்த பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே தெரியும். ஓடிபிசி லிங்க்கிலும், பாஸ்வேர்டை சேமி என்று டிக் செய்திருந்தால் அதே கதைதான்.

#7 ஸ்டோர்ஸ்மணி

அருமை சார், ஒரே நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது. எக்செலுக்கு அனுப்பி வைத்துக்கொண்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்:

பெரும்பாலானவை இசட் டிரைவில் ஸ்டோர்ஸ் ஃபோல்டரில், பெயரின் கடைசியில் "_பிஇ" என்று முடியும் ஒரே ஃபைல். மூன்று டேபிள்கள் மட்டும் இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் பாதை, அதில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரின் பெயர் வருகிறது. விலைப்பட்டியல் டேபிளுக்கு டேட்டாபேஸ் பத்தியில் ஃபோல்டர் மட்டும்தான் இருக்கிறது, ஃபைல் பெயரே இல்லை. உலக உருண்டை இரண்டுக்கும் டிஎஸ்என் என்று போட்டு ஒரு பெயர், அவ்வளவுதான். சர்வர் பெயர் எதுவும் இல்லை.

இசட் டிரைவ் என்பது எந்த மெஷின்?

#8 வலைச்செல்வி

நான் நெட்வொர்க் பக்கம் வேலை செய்கிறவள். இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும்.

இசட் என்பது இடத்தின் பெயர் அல்ல. உங்கள் விண்டோஸ் லாகினில் யாரோ ஒரு ஷேருக்கு, அதாவது நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டருக்கு, கொடுத்திருக்கும் எழுத்து, அவ்வளவே. பக்கத்து மேசையில் அதே இசட் வேறு ஷேரைக் காட்டலாம், அல்லது இல்லாமலே போகலாம். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட் யூஸ் என்று கொடுங்கள். எந்த எழுத்து எந்த சர்வரின் எந்த ஷேருக்குப் போகிறது என்று வரிசையாக வரும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டாமல் சாதாரணமாகத் திறங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் ஜன்னலில் உங்கள் மேப் செய்த டிரைவ்கள் பெரும்பாலும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு "இசட் டிரைவே இல்லையே" என்று சொல்பவர்கள் நிறைய.

அதில் கிடைப்பது சர்வர் பெயரும் ஷேர் பெயரும்தான். ஷேர் பெயரும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சர்வரில் உட்கார்ந்து நெட் ஷேர் என்று கொடுத்தால் ஒவ்வொரு ஷேரும் எந்த டிஸ்க்கில் எந்த ஃபோல்டர் என்று வரும். டேட்டா உண்மையில் இருக்கும் இடம் அதுதான். சர்வரை மாற்றுகிறவருக்கு இந்தக் கடைசித் தகவல்தான் தேவை.

கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இன்னொரு வழி: லிங்க்டு டேபிள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஃபோல்டரைப் பாருங்கள். பேக் எண்டின் அதே பெயரில் எல்ஏசிசிடிபி என்று முடியும் குட்டி ஃபைல் ஒன்று முளைத்திருக்கும். பழைய எம்டிபி ஃபைலாக இருந்தால் எல்டிபி. நோட்பேடில் திறந்தால் யார் யாருடைய கம்ப்யூட்டர் உள்ளே வந்தது என்று பெயர்கள் தெரியும், ஏற்கெனவே வெளியேறியவரின் பெயரும் அதில் தங்கியிருக்கலாம். எல்லோரும் வெளியேறியதும் அது தானாக மறைந்துவிடும். அந்த ஃபோல்டரில் அழிக்கும் உரிமை இல்லாதவர் கடைசியாக வெளியேறினாலோ, ஆக்சஸ் சரியாக மூடப்படாமல் நின்றுபோனாலோ தங்கிவிடலாம்.

பர்ச்சேஸ் மெஷினில் இருக்கும் மூன்று டேபிள் பற்றி அவசியம் அவர்களிடம் பேசுங்கள். சர்வர் மாற்றத்தில் அந்த மெஷினை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் உங்கள் ரிப்போர்ட் நின்றுவிடும்.

#9 ஸ்டோர்ஸ்மணி

அக்கா, மிக்க நன்றி. பர்ச்சேஸில் இருப்பவர் சனிக்கிழமை சீக்கிரம் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை மாலை மட்டும் ஆர்டர் நிலுவை ரிப்போர்ட் ஏன் வருவதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் புரியாத புதிராக இருந்தது. இப்போது புரிகிறது.

#10 தரவுத்தோட்டம்

விலைப்பட்டியலுக்கு வருவோம். டேட்டாபேஸ் பத்தியில் ஃபோல்டர் மட்டும் இருந்தால் அது டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி லிங்க். ஆக்சஸின் பார்வையில் அங்கே ஃபோல்டர்தான் டேட்டாபேஸ், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் ஒரு டேபிள். ஃபைல் பெயர் ஃபாரின்நேம் பத்தியில் இருக்கும். புள்ளிக்குப் பதிலாக # குறி போட்டிருக்கலாம், குழம்ப வேண்டாம். எக்செல் லிங்க்காக இருந்தால் டேட்டாபேஸில் ஃபைலின் பாதையும் ஃபாரின்நேமில் ஷீட் பெயரும் வரும், ஷீட் பெயரின் கடைசியில் டாலர் குறி இருக்கும்.

டிஎஸ்என் (ஓடிபிசி இணைப்பு விவரத்துக்கு வைத்த பெயர்) மட்டும் இருக்கும் இரண்டும் கொஞ்சம் வேறு. விவரம் ஆக்சஸ் ஃபைலில் இல்லை, உங்கள் விண்டோஸில் இருக்கிறது. ஓடிபிசி டேட்டா சோர்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டரைத் திறந்து யூசர், சிஸ்டம் என்ற இரண்டு தாவலிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். கான்ஃபிகர் கொடுத்தால் சர்வர் பெயர் தெரியும். விண்டோஸ் 10இல் இந்த அட்மினிஸ்ட்ரேட்டர் 32 பிட், 64 பிட் என்று இரண்டு உண்டு. உங்கள் ஆஃபீஸ் 32 பிட்டாக இருந்தால் அதற்குரியதில்தான் சிஸ்டம் டிஎஸ்என்னைத் தேட வேண்டும். 64இல் தேடிவிட்டு "அப்படி ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

இதனால்தான் ஃப்ரண்ட் எண்டைப் புது மெஷினுக்கு நகலெடுத்ததும் இந்த இரண்டு டேபிள் மட்டும் திறக்காமல் அடம்பிடிக்கும். டிஎஸ்என்னும் அங்கே போக வேண்டும்.

#11 ஆற்றங்கரை

நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் ஃபைல் ஏசிசிடிஇ. திறந்ததும் நேராக மெனு ஃபார்ம் வருகிறது, இடப்பக்கப் பட்டியலே இல்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு திறந்தாலும் பலன் இல்லை, அதையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். எங்களால் பாதையைப் பார்க்க முடியுமா?

#12 தரவுத்தோட்டம்

முடியும். ஏசிசிடிஇ என்றால் கோடும் ஃபார்ம், ரிப்போர்ட் டிசைனும்தான் பூட்டப்பட்டிருக்கும், லிங்க் விவரம் பூட்டப்படுவதில்லை. புதிதாக ஒரு காலி ஆக்சஸ் ஃபைலைத் திறந்து, ஒரு மாட்யூலில் ஓப்பன்டேட்டாபேஸ் கட்டளையால் உங்கள் ஃபைலைப் படிக்க மட்டும் திறங்கள். அதன் டேபிள்டெஃப்ஸ் தொகுப்பில் ஒவ்வொன்றாகப் போய் நேம், சோர்ஸ்டேபிள்நேம், கனெக்ட் மூன்றையும் அச்சிடச் சொல்லுங்கள். இப்படித் திறக்கும்போது மெனு ஃபார்மும் ஓடாது, ஆரம்ப மேக்ரோவும் ஓடாது. ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கிறது என்றால் மட்டும் அது வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஃபைல், உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்றால்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#13 கீழவாசல்

மணி சார், இசட் டிரைவ் பாதை எல்லாவற்றையும் இப்போதே இரண்டு சாய்கோடு போட்ட சர்வர் பாதையாக மாற்றிவிடுங்கள். எழுத்தை நம்பினால் ஒவ்வொரு மெஷினிலும் தலைவலி.

#14 வலைச்செல்வி

இதில் நான் ஒத்துப்போகவில்லை, குறைந்தபட்சம் இவருடைய நிலைமைக்கு. சர்வர் மாறப்போகிறது. பாதையில் பழைய சர்வர் பெயரைப் போட்டால் மாற்றும் அன்று எல்லா ஃப்ரண்ட் எண்டிலும் மறுபடி லிங்க் செய்ய வேண்டும். எழுத்தாக இருந்தால் லாகின் ஸ்கிரிப்டில் இசட் எங்கே போக வேண்டும் என்று ஒரே இடத்தில் மாற்றினால் முடிந்தது, ஆக்சஸ் ஃபைலைத் தொடவே வேண்டாம்.

#15 கீழவாசல்

லாகின் ஸ்கிரிப்ட் இருக்கும் அலுவலகத்துக்கு அது சரி. பல இடங்களில் யாரோ ஒருவர் வந்து கையால் மேப் செய்துவிட்டுப் போயிருப்பார். புதிதாக வருபவருக்கு இசட் இருக்காது, ஒய் இருக்கும். அவர் மெஷினில் யாராவது லிங்க்டு டேபிள் மேனேஜரைத் திறந்து ஒய்க்கு மாற்றி, அந்த ஃப்ரண்ட் எண்டையே எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்தால் மொத்த அலுவலகமும் நிற்கும். நான் சொல்வது இதைத்தான்.

#16 தரவுத்தோட்டம்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயர் எந்தக் கம்ப்யூட்டர் என்று நெட்வொர்க்குக்குச் சொல்லும் பட்டியல்) சர்வருக்கு ஒரு மாற்றுப்பெயர் வைத்து, அந்தப் பெயரில் சர்வர் பாதையாக லிங்க் செய்தால் இரண்டு பிரச்சினையும் இல்லை. சர்வர் மாறினால் மாற்றுப்பெயர் புதியதைக் காட்டும். செல்வி அவர்கள் போன்ற ஒருவர் கையில் இருந்தால் நான் அதைத்தான் கேட்பேன்.

ஆனால் மணி சாருக்கு அதைவிட முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் பட்டியல் லிங்க்டு டேபிள்களை மட்டும்தான் காட்டும். டேட்டா வெளியிலிருந்து வர வேறு வழிகளும் உண்டு. குவெரியை டிசைனில் திறந்து, காலி இடத்தில் கிளிக் செய்து பிராபர்ட்டி ஷீட்டைப் பாருங்கள். சோர்ஸ் டேட்டாபேஸ் என்று ஒரு வரி இருக்கும். வழக்கமாக அதில் அடைப்புக்குறிக்குள் கரண்ட் என்று இருக்கும். அங்கே ஒரு பாதை இருந்தால் அந்தக் குவெரி எந்த லிங்க்கும் இல்லாமல் நேராக வேறு ஃபைலுக்குள் போய் எடுக்கிறது. அம்புக்குறியும் கிடையாது, மேனேஜரிலும் வராது. பாஸ் த்ரூ குவெரிகளுக்கும் (நேராக வெளி சர்வரிலேயே ஓடுபவை) தனியாக ஒரு கனெக்ட் உண்டு. விபிஏ (ஆக்சஸுக்குள் புரோகிராம் எழுதும் மொழி) கோடில் பாதையை அப்படியே எழுதியிருப்பார்கள். மேக்ரோவில் வெளி ஃபைலிலிருந்து இம்போர்ட் செய்யும் வரி இருக்கும்.

கோடுக்கு விபிஏ எடிட்டரில் கண்ட்ரோல் எஃப் போட்டு, கரண்ட் பிராஜெக்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, இசட் எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு இரட்டைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதோடு ஏசிசிடிபி, எம்டிபி என்ற எழுத்துகளையும். குவெரிகளுக்கு, குவெரிடெஃப்ஸ் தொகுப்பில் ஒவ்வொன்றின் எஸ்க்யூஎல் எழுத்தையும் அச்சிட்டு அதே சொற்களைத் தேடலாம்.

#17 ஸ்டோர்ஸ்மணி

விபிஏ எனக்குப் பழக்கம் இல்லை சார். தேடிப் பார்த்தேன், கோடில் ஒன்றும் கிடைக்கவில்லை. குவெரிகளை முழுவதும் பார்த்து முடிக்கவில்லை. மாற்றும் நாள் நெருங்குகிறது. என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

#18 தரவுத்தோட்டம்

எல்லோரும் வேலை முடித்து வெளியேறிய பின் தொடங்குங்கள். எல்ஏசிசிடிபி ஃபைல் மறைந்ததா என்று பாருங்கள். மறையவில்லை என்றால் யாரோ திறந்து வைத்திருக்கலாம், நகலெடுக்காதீர்கள். மறைந்ததும் பேக் எண்டைப் புது சர்வருக்கு நகலெடுங்கள். பேக் எண்டின் அளவையும் பாருங்கள், ஆக்சஸ் ஃபைலின் உச்சவரம்பு 2 ஜிபி.

அடுத்து மிக முக்கியமானது: பழைய இடத்தில் இருக்கும் ஃபைலின் பெயரை மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம், முன்னால் "பழையது" என்று சேர்த்தால் போதும். இப்படிச் செய்தால், நம் கண்ணில் படாமல் எங்கோ ஒளிந்திருக்கும் குவெரி பழைய இடத்துக்குப் போகும்போது 3024 என்று கத்தும், எந்த ஃபைலைத் தேடியது என்று பாதையையும் சொல்லும். பெயரை மாற்றாமல் விட்டால் அது சத்தமில்லாமல் பழைய டேட்டாவைக் காட்டிக்கொண்டே இருக்கும். பாதிப் பேர் புது ஃபைலிலும் பாதிப் பேர் பழைய ஃபைலிலும் பதிவு போட்டால், பிறகு இரண்டையும் சேர்ப்பது பெரும்பாடு.

பிறகு ஃப்ரண்ட் எண்டில் லிங்க்டு டேபிள் மேனேஜரைத் திறந்து, ஆல்வேஸ் பிராம்ப்ட் என்று கீழே இருக்கும் கட்டத்தை டிக் செய்து, அந்த பேக் எண்டைச் சேர்ந்த டேபிள்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் புது இடத்தைக் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், பர்ச்சேஸ் டேபிள்கள் வேறு ஃபைல். 3011 வந்தால் ஃபைல் கிடைத்தது, அந்தப் பெயரில் டேபிள் உள்ளே இல்லை என்று பொருள். கையிலிருக்கும் எக்செல் பட்டியலில் ஃபாரின்நேமைச் சரிபாருங்கள்.

யாராவது கோட் எழுதிக் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கனெக்டை மாற்றினால் மட்டும் போதாது, ரிஃப்ரெஷ்லிங்க் கொடுத்தால்தான் அது பதியும்.

#19 வலைச்செல்வி

பேக் எண்டை இணையத்தோடு ஒத்திசையும் ஃபோல்டரில் வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஆக்சஸ் ஃபைலை அது கெடுத்துவிடும். புது சர்வரிலும் சாதாரண ஷேர்தான் வேண்டும். அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் படிக்க, எழுத, புது ஃபைல் உருவாக்க, அழிக்க உரிமை வேண்டும்.

#20 ஸ்டோர்ஸ்மணி

ஞாயிற்றுக்கிழமை மாற்றி முடித்துவிட்டோம். வரவு, வழங்கல் ஃபார்ம்கள் அனைத்தும் ஓடுகின்றன. பர்ச்சேஸ் ஃபைலையும் அவர்கள் சம்மதத்தோடு சர்வருக்குக் கொண்டுவந்தாயிற்று, சனிக்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது. டிஎஸ்என் 32 பிட் பக்கம்தான் இருந்தது, சிஸ்டம் தாவலில்.

பெயரை மாற்றச் சொன்னது உண்மையிலேயே காப்பாற்றியது. திங்கட்கிழமை காலை மாதாந்திர நுகர்வு ரிப்போர்ட்டை அழுத்தியதும் 3024 வந்தது, பழைய ஃபைலின் முழுப் பாதையோடு. அந்த ரிப்போர்ட்டுக்குப் பின்னால் உள்ள குவெரியின் பிராபர்ட்டி ஷீட்டில், சோர்ஸ் டேட்டாபேஸ் வரியில் பழைய சர்வர் பாதை உட்கார்ந்திருந்தது. அதை கரண்ட் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தப் பெயரில் லிங்க்டு டேபிள் ஏற்கெனவே இருப்பதால் வேறு மாற்றம் தேவைப்படவில்லை.

பேக்கப்புக்கு இப்போது சர்வரில் இருக்கும் பேக் எண்டையும் பர்ச்சேஸ் ஃபைலையும் இரவில் எடுக்கிறார்கள். ஃப்ரண்ட் எண்டின் ஒரு நகல் தனியாக இருக்கிறது. பேக்கப் நகலை நெட்வொர்க்கில் இல்லாத ஒரு லேப்டாப்பில் திறந்து, கடைசி வழங்கல் சீட்டு எண் வரை வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: "பழையது" என்று பெயர் மாற்றிய ஃபைலை எப்போது அங்கிருந்து எடுக்கலாம்?

#21 தரவுத்தோட்டம்

வருட முடிவு ரிப்போர்ட்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வரை இருக்கட்டும். மார்ச் 31க்குப் பிறகு மட்டுமே ஓடும் குவெரிகள் சில இருக்கும், அவற்றிலும் பாதை ஒளிந்திருக்கலாம். பழைய சர்வரை அதற்கு முன்பே எடுத்துவிட்டால் அந்த ஃபைலை மட்டும் ஒரு டிஸ்க்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.